விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் முன் போட வேண்டிய பேட்ச் கணக்கு

மாதச் சந்தாவுக்கு விற்கும் மென்பொருளில் முதலில் பார்க்க வேண்டிய எண், வந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பது. டவுன்லோடு, பதிவு, இணையதளத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு பேட்ச்சாக வைத்து அந்த ஒரு எண்ணைச் சரியாக எடுக்கத் தெரிந்தால், அடுத்து எந்த வசதியைக் கட்டுவது, எங்கே விளம்பரம் செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

டியூஷன் சென்டர்களுக்கான ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மாணவர் பட்டியல், வருகைப் பதிவு, கட்டண வசூல், பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் ரசீது. மாதம் ₹999. அதைப் பற்றிக் கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை.

யார் பயன்படுத்துகிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

லாகின் செய்தவரைப் பயன்படுத்துபவர் என்று எண்ணாதீர்கள். பாஸ்வேர்டு சரியா என்று பார்க்க வந்தவரும், கணக்கை மூட வந்தவரும் அதில் சேர்ந்துவிடுவார்கள். வாடிக்கையாளர் எதற்காகப் பணம் தருகிறாரோ அந்தச் செயலை எண்ண வேண்டும். இங்கே அது கட்டண ரசீது. ஒரு மாதத்தில் குறைந்தது 5 ரசீது போட்ட கணக்கு உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று இரண்டு போதாது. முதல் நாள் 'டெஸ்ட்' என்ற பெயரில் ₹1க்கு ரசீது போட்டுப் பார்ப்பவர்கள் எல்லா மென்பொருளிலும் உண்டு.

அடுத்து, எந்த இடைவெளியில் எண்ணுவது. டியூஷன் கட்டணம் பெரும்பாலும் மாதத்தின் முதல் 10 நாளில் வசூலாகிறது. வாரக் கணக்கு போட்டால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் எண் சரிந்து தெரியும், அடுத்த மாதம் மறுபடி ஏறும். அந்தச் சரிவைப் பார்த்துப் பயந்து ஏதாவது செய்யத் தொடங்கினால் ஒரு மாத உழைப்பு வீண். தொழிலில் அந்தச் செயல் எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்குமோ அதுவே உங்கள் அளவுகோல். இங்கே மாதம். வருகைப் பதிவை மட்டும் விற்பவருக்கு வாரம்.

எதையெல்லாம் பதிய வேண்டும்

முதல் ஆண்டுக்கு ஆறு நிகழ்வுகள் போதும்: கணக்குத் தொடக்கம், மாணவர் பட்டியலை ஏற்றியது, முதல் ரசீது, அதன்பின் ஒவ்வொரு ரசீதும், சந்தா செலுத்தியது, ரத்து செய்தது. ஒவ்வொன்றோடும் கணக்கு எண், பயனர் எண், நேரம், எந்த வழியாக (விளம்பரம், வாய்வழி போன்றவை) வந்தார் என்ற நான்கு விவரம். அறுபது நிகழ்வுகளைப் பதிந்து வைத்து ஒன்றையும் திறந்து பார்க்காத நிலைமைக்கு இது எவ்வளவோ மேல்.

பிழைகள் நுழையும் இடங்கள் தெரிந்தவையே. ஒரு சென்டரில் உரிமையாளரும் இரண்டு பணியாளர்களும் தனித்தனி லாகின் வைத்திருப்பார்கள். அதை மூன்று வாடிக்கையாளராக எண்ணக் கூடாது, கணக்கு எண்தான் அலகு. சர்வர் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் இந்திய நேரம் காலை 5.30க்கு முன் நடப்பதெல்லாம் முந்தைய நாளில் விழும், 1ஆம் தேதியானால் முந்தைய மாதத்திலேயே விழும். மென்பொருள் தானாக அனுப்பும் நினைவூட்டல்கள் மனிதர் செய்த செயலாகப் பதிவாகக் கூடாது. உங்கள் குழுவின் சோதனைக் கணக்குகளுக்குத் தனி அடையாளம் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, விலகியவர்களின் வரிகளை டேட்டாபேஸிலிருந்து அழிப்பது. அழித்ததும் அந்த மாதம் சேர்ந்தவர்களின் மொத்தமே குறைந்துவிடும். தங்கியவர்களின் சதவீதம் தானாக ஏறும். மென்பொருள் நன்றாகிவிட்டது என்று எல்லோரும் நம்புவார்கள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் நீக்குங்கள். கணக்கு எண்ணும் சேர்ந்த தேதியும் இருக்கட்டும்.

பேட்ச் அட்டவணை

ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள் ஒரு பேட்ச். ஆங்கிலத்தில் கோஹார்ட் என்பது இதுதான். கூகுள் ஷீட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: கணக்கு எண், சேர்ந்த மாதம், 5 ரசீதைத் தாண்டிய மாதம். ஒரே மாதிரி இருக்கும் வரிகளில் ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்குங்கள். நான்காவது நெடுவரிசையில் இரண்டு மாதத்துக்கும் உள்ள இடைவெளி. ஆண்டு வித்தியாசத்தை 12ஆல் பெருக்கி மாத வித்தியாசத்தைக் கூட்டினால் வரும். ஷீட்டில் இருக்கும் தேதி இடைவெளிச் சூத்திரம் முழு மாதங்களை மட்டும் எண்ணும். ஜூன் 28 சேர்ந்து ஜூலை 3 ரசீது போட்டவருக்கு அது பூஜ்யம் காட்டும், நமக்கு வேண்டியது 1. பிறகு பிவட் டேபிளில் (வரிகளைத் தொகுத்து எண்ணிக் காட்டும் ஷீட் வசதி) சேர்ந்த மாதத்தை வரிசையாகவும் இடைவெளியை நெடுவரிசையாகவும் வையுங்கள்.

கிடைப்பது இப்படி இருக்கும்.

ஜூன் பேட்ச், சேர்ந்தவர் 80. அடுத்த மாதம் 46, பிறகு 38, 35.
ஜூலை பேட்ச், 110. பிறகு 55, 41, 36.
ஆகஸ்ட் பேட்ச், 190. பிறகு 72, 46, 34.

செப்டம்பரில் 240 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொண்டு, புதியவர்களையும் பழையவர்களையும் கூட்டிப் பாருங்கள். ஜூனில் 80, ஜூலையில் 156, ஆகஸ்டில் 283, செப்டம்பரில் 388. வரைபடம் அழகாக ஏறுகிறது. முதலீட்டாளருக்கு அனுப்பும் படம் பெரும்பாலும் இதுதான். ஆனால் மூன்றாம் மாத நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: 44%, 33%, 18%. ஒவ்வொரு பேட்ச்சும் முந்தையதைவிட வேகமாகக் கலைகிறது. புதியவர்கள் வருவது நின்ற மாதமே ஏறிய கோடு மடங்கும்.

நடப்பு மாதத்தின் கட்டத்தைச் சேர்க்காதீர்கள். மாதம் முடியாததால் எல்லா வரிசையின் கடைசிக் கட்டமும் தாழ்ந்தே இருக்கும்.

இப்போது காரணம் தேட வேண்டும். மென்பொருள் கெட்டுவிட்டதா, வருகிற ஆட்கள் மாறிவிட்டார்களா? ஆகஸ்ட் பேட்ச்சை மாணவர் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். 50 மாணவருக்கு மேல் உள்ள சென்டர்கள் 52, அவற்றில் மூன்றாம் மாதம் இருப்பவை 24, அதாவது 46%. மீதி 138 பேர் வீட்டில் ஆறேழு பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள், அவர்களில் தங்கியவர் 10, அதாவது 7%. மென்பொருளில் கோளாறு இல்லை. 'இலவசமாகத் தொடங்குங்கள்' என்ற விளம்பரம் நோட்டுப் புத்தகமே போதுமானவர்களை அழைத்து வந்திருக்கிறது. இந்தப் பிரிப்பைச் செய்யாதவர்கள், விலகியவர்களைத் தக்கவைக்க மூன்று மாதம் செலவழித்துப் புது வசதிகள் கட்டுவார்கள்.

ஒரு பேட்ச்சில் தங்கியவர்களின் சதவீதத்தை மாதவாரியாக வரைந்த கோடு ஏதாவது ஓர் இடத்தில் படுக்கையாக நின்றால் அங்கே உங்கள் மென்பொருள் தேவைப்படும் ஆட்கள் இருக்கிறார்கள். எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. நிற்காமல் பூஜ்யத்தை நோக்கிப் போனால் விளம்பரத்தை நிறுத்துங்கள்.

முதல் வாரம்

தங்கியவர்களும் விலகியவர்களும் முதல் 7 நாளில் என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கின் வளர்ச்சிக் குழு '10 நாளில் 7 நண்பர்கள்' என்ற இலக்கை வைத்தது இந்த வகை ஒப்பீட்டிலிருந்துதான். நம் சென்டர்களில் அது 'முதல் வாரத்தில் முழு மாணவர் பட்டியலையும் ஏற்றியவர்' என்று இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலை ஏற்றியதால் தங்கினார்களா, தங்கும் எண்ணம் இருந்ததால் ஏற்றினார்களா என்பது ஒப்பீட்டில் தெரியாது. சோதித்தே அறிய வேண்டும். புதிதாக வரும் 40 சென்டர்களில் ஒன்று விட்டு ஒன்றுக்கு நீங்களே எக்செல் கோப்பை வாங்கிப் பட்டியலை ஏற்றிக் கொடுங்கள், மற்ற 20 பேரை அப்படியே விடுங்கள். இரண்டு மாதம் கழித்து இரு பக்கமும் ஒரே அளவில் தங்கியிருந்தால் நீங்கள் பிடித்தது தவறான செயல். பெரிய வித்தியாசம் தெரிந்தால் மட்டும் எக்செல் இறக்குமதி வசதியைக் கட்டுங்கள். கையால் செய்து பார்க்காமல் கட்டப்படும் வசதிகள்தான் டெவலப்பரின் நேரத்தை அதிகம் விழுங்குகின்றன.

அட்டவணை எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதற்குக் கேட்க வேண்டும். கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸின் தொடக்கக் கால வளர்ச்சியில் பங்கெடுத்த ஷான் எல்லிஸ் பரப்பிய கேள்வி இன்றும் பயன்படுகிறது: 'இந்த மென்பொருள் நாளை முதல் கிடைக்காது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?' மிகவும் ஏமாற்றமாக, கொஞ்சம் ஏமாற்றமாக, ஒன்றும் இல்லை என்று மூன்று விடை. 40%க்கு மேல் முதல் விடையைச் சொன்னால் அடித்தளம் இருக்கிறது என்பது அவர் வைத்த அளவு. கடந்த இரண்டு வாரத்தில் இரண்டு முறையாவது பயன்படுத்தியவரிடம் மட்டும் கேளுங்கள். சூப்பர்ஹியூமன் என்ற மின்னஞ்சல் நிறுவனம் கேட்டபோது முதலில் வந்தது 22%. மென்பொருளை மாற்றாமல், தங்களுக்குப் பொருந்தும் பிரிவினரை மட்டும் எடுத்துப் பார்த்தபோது 33%. பிறகு வேலையின் ஒரு பாதியை அவர்கள் விரும்பியதை மேம்படுத்தவும், மறுபாதியைக் 'கொஞ்சம் ஏமாற்றம்' என்றவர்களின் தடைகளை நீக்கவும் ஒதுக்கி 58%க்குக் கொண்டுபோனார்கள். 'ஒன்றும் இல்லை' என்றவர்கள் கேட்ட வசதிகளை அவர்கள் கட்டவில்லை. இந்த உறுதி எளிதில் வராது, ஆனால் வேண்டும்.

ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு செலவிடலாம்

₹999 உங்கள் வருவாய் அல்ல. அதில் 18% ஜிஎஸ்டி அடங்கியிருந்தால் கையில் நிற்பது ₹847. பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் பெற்றுத் தரும் சேவை), சர்வர், வாட்ஸ்அப் செய்தி, வாடிக்கையாளர் உதவிக்கான சம்பளப் பங்கு போக ₹650 மிஞ்சுகிறது என்று கொள்வோம்.

ஒரு மாதம் விளம்பரத்துக்கு ₹60,000, விற்பனையாளர் சம்பளம் ₹40,000, பணம் கட்டிய புதியவர்கள் 20. ஒருவரைப் பிடிக்க ஆன செலவு ₹5,000. சம்பளத்தை மறந்தால் ₹3,000 என்று வரும், பலர் அப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ₹5,000ஐ ₹650ஆல் வகுத்தால் போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 8 மாதம்.

அந்த 8 மாதம் அவர் இருப்பாரா? மாதம் 5% விலகினால் 12 மாதத்துக்குப் பின் 100 பேரில் 54 பேர் இருப்பார்கள். சராசரி ஆயுள் (1ஐ 5%ஆல் வகுத்தால்) 20 மாதம், ஒருவரிடமிருந்து ₹13,000. 8% விலகினால் ஆண்டு முடிவில் 37 பேர், ஆயுள் 12.5 மாதம், ₹8,125. மூன்று சதவீதப் புள்ளிதான் வித்தியாசம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பணம் போய்விடுகிறது. ஓர் ஆண்டு வரலாறுகூட இல்லாத நிறுவனம் '20 மாத ஆயுள்' என்று சொல்வது ஊகமே. அதுவரை, போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்புகிறது என்பதை மட்டும் நம்புங்கள். ஆண்டுச் சந்தா மொத்தமாக வந்தால் 12ஆல் வகுத்துத்தான் மாத வருவாயில் சேர்க்க வேண்டும்.

விலகியவர்களில் ஒரு பகுதி விலக நினைக்காதவர்கள். அட்டை காலாவதி, ஆட்டோபே (சந்தாவைத் தானாக எடுக்கும் ஏற்பாடு) தோல்வி. ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோபே எடுக்கக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு போக வேண்டும். சந்தா ₹15,000க்கு மேல் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும், எனவே ₹24,000 ஆண்டுத் திட்டம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று நம்பாதீர்கள். தோற்ற கட்டணத்தை 1, 3, 7ஆம் நாட்களில் மறுமுறை முயன்று, யுபிஐ லிங்க்கோடு வாட்ஸ்அப் அனுப்பி, 10ஆம் நாள் வரை கணக்கைப் பூட்டாமல் வையுங்கள். இந்த வகை விலகலைத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். இதைச் சரிசெய்வது எந்தப் புது வசதியையும்விட மலிவு.

வழியைத் தேர்ந்தெடுப்பது

டிராப்பாக்ஸ் தொடக்கத்தில் கூகுள் விளம்பரத்தை நம்பியது. ஆண்டுக்கு 99 டாலர் தரும் ஒருவரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை ஆனது. அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் தரும் திட்டத்துக்குப் பிறகு, அது கணிசமான பங்கு வகிக்க, 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த பதிவுகள் 2010 ஜனவரியில் 40 லட்சமாயின. சேமிப்பிடம் அந்த மென்பொருளில் எல்லோருக்கும் தேவைப்படும் பொருள், அதனால்தான் பரிசு வேலை செய்தது. டியூஷன் சென்டர் உரிமையாளர் பக்கத்துத் தெருப் போட்டியாளரை அழைத்துவர மாட்டார். அவருடைய ரசீதின் அடியில் மென்பொருளின் பெயர் இருந்தால் 100 பெற்றோர் அதைப் பார்ப்பார்கள், அவர்களில் வேறு சென்டர் நடத்துபவரும் இருக்கலாம். உங்கள் தொழிலில் யார் யாரிடம் மனமுவந்து சொல்வார்கள் என்பதை முதலில் யோசியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வழி, குறைந்தது ஆறு வாரம். லிங்க்கில் அடையாளம் சேர்ப்பதோடு பதிவுப் படிவத்தில் 'எங்களை எப்படித் தெரியும்?' என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வழி வந்தவரை எந்த லிங்க்கும் காட்டாது. மூன்றாம் மாதத் தங்கலை வழிவாரியாகப் பிரித்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

பட்டன் நிறம், தலைப்பு வரி என்று இரு வடிவங்களை ஒப்பிடும் சோதனை இந்தக் கட்டத்தில் வேண்டாம். வருபவர்களில் பதிவு செய்பவர்களை 4%இலிருந்து 5% ஆக்கியதா என்று நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 6,800 பேர் வர வேண்டும். மாதம் 600 பேர் வரும் தளத்துக்கு அது இரண்டு ஆண்டு வேலை.

கடைசியாக, ஏப்ரல், மே. சென்டர்கள் விடுமுறையில் இருக்கும், ரசீது இருக்காது, ரத்துகள் குவியும். மாதம் ₹99க்குத் தரவை மட்டும் வைத்திருக்கும் 'விடுமுறை நிறுத்தம்' ஒன்றை மார்ச் மாதமே காட்டுங்கள். அதில் போனவர்களை உயிரோடு இருப்பவர்களிலும் சேர்க்காமல், விலகியவர்களிலும் சேர்க்காமல் தனியாக எண்ணுங்கள். ஜூலை 10க்குள் 5 ரசீது போடாதவர்களை, நிறுத்தம் தொடங்கிய மாதத்திலேயே விலகியதாகப் பின்தேதியிட்டு அட்டவணையில் திருத்திவிடுங்கள்.