பத்துப் பாத்திரமும் டிஷ்வாஷரும்: முதன்முறை பயன்படுத்துவோருக்கான செய்முறை

பத்துப் பாத்திரம் தேய்ப்பது என்கிறோமே, அதில் வரும் பத்து எண்ணிக்கை அல்ல. பற்றுப் பாத்திரம் என்பதுதான் பேச்சில் அப்படித் திரிந்தது. சோறும் குழம்பும் பற்றிக்கொண்டிருக்கும் எச்சில் பாத்திரம் என்று பொருள். என் அம்மா நாற்பது ஆண்டுகள் அந்தப் பற்றைச் சுரண்டியவர். ஓயாத ஈரத்தில் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப்போன பிறகுதான் மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு டிஷ்வாஷர் வாங்கினோம்.

முதல் மாதம் பெரிய ஏமாற்றம். எவர்சில்வர் தட்டுகள் வெள்ளை பூத்து வந்தன, டம்ளருக்குள் கடுகு ஒட்டியிருந்தது. அம்மா எதுவும் சொல்லாமல் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு மறுபடியும் தொட்டியடியில் நின்றுவிட்டார். அன்று உட்கார்ந்து கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி இயந்திரத்தை அமைக்காததும், தண்ணீர் போய்ச் சேராதபடி பாத்திரங்களை அடுக்கியதும்தான் காரணம் என்று புரிந்தது. இரண்டையும் திருத்திய பிறகு அம்மா தேய்ப்பதை விட்டார். வாங்கி வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் துணி போட்டு மூடியிருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்த இயந்திரத்துக்குள் தேய்ப்பதற்கு நாரோ பிரஷ்ஷோ கிடையாது. அடியில் சேரும் தண்ணீர் சூடாகிறது. பம்பு அதைத் தள்ள, மேலேயும் கீழேயும் உள்ள, துடுப்புப்போல் சுழலும் இரண்டு கைகளின் துளைகள் வழியே பீய்ச்சியடிக்கிறது. அந்த வேகத்திலேயே கைகள் சுற்றுகின்றன. விழுந்த தண்ணீர் வடிகட்டி வழியாகத் திரும்பி வந்து மறுபடி அடிக்கிறது. அதனால்தான் ஒரு முறை கழுவி முடிக்கப் பெரும்பாலான இயந்திரங்களுக்கு ஏறத்தாழ ஒரு வாளித் தண்ணீரே போதுமானதாக இருக்கிறது. 1886ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற இயந்திரமும் கம்பிக் கூடைகளில் பாத்திரத்தை நிறுத்தித் தண்ணீரை வேகமாக அடித்துத்தான் கழுவியது. தண்ணீர் நேராக வந்து அடிக்காத இடம் அழுக்காகவே இருக்கும் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், அடுக்கும் முறை தானாக விளங்கிவிடும்.

இணைப்பு

தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம் என்பதால் நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது, ஒயர் சூடேறி உருகும். பல இயந்திரங்கள் குறைந்தது 0.3 பார் நீரழுத்தம் கேட்கின்றன. மாடித் தொட்டியின் நீர்மட்டம் குழாயிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த அழுத்தம் கிடைக்கும். மாடி வீட்டில், தொட்டிக்கு நேர் கீழே சமையலறை இருந்தால் வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

தண்ணீரும் உப்பும்

மதுரையில் மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்கிறோம். பாத்திரம் கழுவுவதற்குப் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகக் காரை படிகிறது அல்லவா? சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரைச் சூடாக்கினால் அப்படித்தான் படியும். டிஷ்வாஷரின் ஹீட்டரிலும் கைத் துளைகளிலும் உங்கள் கண்ணாடி டம்ளரிலும் அதே காரைதான் படிகிறது.

இதைத் தடுக்க இயந்திரத்துக்குள் பிசின் மணிகள் நிரம்பிய ஒரு மென்னீராக்கி இருக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து நிறைந்ததும், உப்புக் கரைசல் அவற்றைக் கழுவி வெளியேற்றி மணிகளைப் புதுப்பிக்கும். நாம் உப்புப் போடுவது இதற்காகத்தான். பாத்திரத்தில் அந்த உப்பு ஏறாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வண்ண மீன் விற்கும் கடைகளில் சோதனைப் பட்டை கிடைக்கும். எங்கள் தண்ணீரில் முக்கியபோது பட்டை அட்டவணையின் கடைசி நிறத்தைத் தொட்டது. இயந்திரத்தைப் பொருத்த வந்தவரோ தொழிற்சாலையில் வைத்த அளவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஓர் அளவுகோலுக்காகச் சொல்கிறேன்: குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் எண்ணுக்கு எந்த நிலை என்று கையேட்டில் அட்டவணை இருக்கும். அந்த நிலையை நீங்களே வையுங்கள்.

உப்பு நிரப்புவது இப்படி: கீழ்க் கூடையை வெளியே எடுத்து, அடியில் உள்ள மூடியைத் திருகுங்கள். முதன்முறை மட்டும் அந்தப் பெட்டியில் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு புனல் வைத்து டிஷ்வாஷர் உப்பைக் கொட்டுங்கள். உள்ளிருக்கும் தண்ணீர் வழியும், பயப்பட வேண்டாம். விளிம்பைத் துடைத்து மூடியை இறுக்கிவிட்டு, உடனே ஒரு முறை இயந்திரத்தை ஓட்டுங்கள். சிந்திய உப்பு நீர் இரவு முழுவதும் நின்றால் எவர்சில்வரையே அரித்துப் புள்ளி விழச் செய்யும். சமையல் தூள் உப்பு வேண்டாம். மாவுபோல் இருப்பதால் கட்டிதட்டி அடைக்கும், அதில் கலந்திருக்கும் மற்றப் பொருள்களும் மென்னீராக்கிக்கு ஆகாது. கழுவும் தூளைத் தவறி இந்தப் பெட்டியில் போட்டுவிட்டால் மென்னீராக்கியே பழுதாகிவிடும், வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

எதைப் போடலாம், எதைக் கூடாது?

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மூன்றும் தாராளமாகப் போகும். புதுப் பாத்திரமானால் கடை ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள். உள்ளே ஊறிக் கழன்றால் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அலுமினியம் வேண்டவே வேண்டாம். கழுவும் தூளின் காரத்தன்மையில் கறுத்துவிடும், தொட்டால் கையில் சாம்பல் நிறம் ஒட்டும். இரும்புத் தோசைக்கல்லும் பணியாரக் கல்லும் பல நாள் எண்ணெயில் பழகியவை. ஒரே கழுவலில் அந்தப் பழக்கம் போய்த் துருப்பிடிக்கும். அயிரை மீன் குழம்பு வைக்கிற மானாமதுரை மண்சட்டி சவுக்கார நீரை உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த குழம்பில் அது இறங்கும். கல்சட்டி, ஈயச் சொம்பு, பித்தளை, செம்பு, மத்து, மர அகப்பை ஆகியவற்றுக்கும் கைதான் சரி. மிக்ஸி ஜாரை நான் போடுவதில்லை, பிளேடுக்கு அடியிலுள்ள பேரிங்கில் வெந்நீர் புகுந்தால் கெட்டுவிடும். எவர்சில்வர் குக்கரின் அடிப்பாகத்தைப் போடலாம். மூடி, வெயிட், கேஸ்கட் மூன்றையும் கையால் கழுவுங்கள். மூடியின் துவாரத்தில் ஒரு பருக்கை அடைத்தாலும் ஆபத்து.

அடுக்குவது

முதலில் வழித்துப் போடுங்கள். கறிவேப்பிலை, மிளகாய் வற்றல், எலும்பு, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் குப்பைக் கூடைக்கு. குழாயடியில் முழுதாகக் கழுவிவிட்டு உள்ளே வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது தண்ணீரையும் உழைப்பையும் இரண்டு முறை செலவழிப்பது. பால் பொங்கி அடிப்பிடித்த பாத்திரத்தை மட்டும் வெறும் தண்ணீரில் ஊற வையுங்கள்.

கீழ்க் கூடையில் தண்ணீர் கடுமையாக அடிக்கும். வாணலி, சாம்பார்ப் பாத்திரம், சாப்பாட்டுத் தட்டு ஆகியவற்றின் இடம் அது. தட்டுகளின் சாப்பிட்ட பக்கம் நடுவை நோக்கி இருக்கட்டும். எவர்சில்வர் தட்டுகள் கனமானவை, சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே இடையில் ஒரு பள்ளம் விட்டு நிறுத்துங்கள். இட்லித் தட்டுகளைக் கழற்றித் தனித்தனியாக நிற்க வையுங்கள். குழியுள்ள எதையும் கவிழ்த்து, சற்றுச் சாய்த்து வையுங்கள். நேராகக் கவிழ்த்தால் அடிவளையத்தில் குளம்போல் நீர் தேங்கிக் கறை விடும்.

மேல் கூடையில் டம்ளர், டவரா, கிண்ணம், சூடு தாங்கும் பிளாஸ்டிக். ஒரு கிண்ணத்துக்குள் இன்னொன்றைச் செருகும் பழக்கம் நமக்கு உண்டு, அலமாரிக்கு அது சரி. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும். டிபன் டப்பா மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். வாய் குறுகிய சொம்புக்குள் தண்ணீர் சரியாக ஏறாது, அதைக் கையில் கழுவுவதே மேல்.

குழிக் கரண்டிதான் எங்களை அதிகம் படுத்தியது. குழி மேலே பார்த்தபடி கிடந்தால் கழுவி முடிக்கும்போது அதில் ஒரு கரண்டி அழுக்குத் தண்ணீர் நிற்கும், கொட்டிவிட்டுப் பார்த்தால் விளிம்பில் மஞ்சள் வட்டம் தெரியும். குப்புறப் படுக்க வையுங்கள். கத்தியின் முனை கீழே இருக்க வேண்டும். ஸ்பூன்களைக் கலந்து போடுங்கள், ஒன்றை ஒன்று தழுவிக்கொள்ளக் கூடாது.

கதவை மூடும் முன் நீர் பீய்ச்சும் இரண்டு கைகளையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கரண்டிக் காம்பு ஒன்று கீழே நீட்டிக்கொண்டு தடுத்தால் கை நின்றுவிடும், அந்தக் கூடை முழுவதும் கழுவப்படாமல் போகும். இந்தச் சோதனையைத் தவிர்த்த நாள்களில்தான் எங்களுக்குப் பாத்திரம் அழுக்காக வந்திருக்கிறது.

தூளும் வெப்பமும்

டிஷ்வாஷருக்கென்று விற்கும் தூள் அல்லது மாத்திரை மட்டும். கையால் தேய்க்கும் சோப்பு நீரை விட்டால் நுரை பொங்கிக் கதவு வழியே வழியக்கூடும். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு நான் தூளையே பரிந்துரைப்பேன். அழுக்குக்கு ஏற்றபடி அளவைக் கூட்டிக் குறைக்கலாம். தூள் போடும் குழி ஈரமாக இருந்தால் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும், துடைத்துவிட்டுப் போடுங்கள். ரின்ஸ் எய்ட் என்ற திரவத்துக்குத் தனிக் குழி இருக்கிறது. தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழுக்கி வடிய அது உதவுகிறது.

ஆட்டுக்கறிக் குழம்பு வைத்த நாளில் 70 டிகிரி, மற்ற நாள்களில் சிக்கன முறை. சிக்கன முறைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குறைந்த சூட்டில் நெடுநேரம் ஊறவைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. அரை மணி நேர முறை காபி டம்ளர்களுக்கு மட்டும் போதும்.

முடிந்தவுடன் கதவைத் திறந்து முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், நீராவி அடிக்கும். இருபது நிமிடம் கழித்து முதலில் கீழ்க் கூடையைக் காலி செய்யுங்கள். மேலிருந்து சொட்டும் நீர் காய்ந்த தட்டுகளில் விழாது.

குழந்தைகள் உள்ள வீட்டில்

கழுவும் தூள் கடும் காரத்தன்மை உடையது. வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். மாத்திரைகள் மிட்டாய்போல் நிறநிறமாக இருப்பதால் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள், கதவை மூடும் நொடியில்தான் தூளைப் போடுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே வரும்போது இன்னொரு முறை அரிக்கும். வாயைக் கழுவித் துடைத்து, 108க்கு அழையுங்கள் அல்லது உடனே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள். தூள் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திறந்த கதவின் மேல் பிள்ளை ஏறி நின்றால் இயந்திரமே முன்பக்கம் சாயக்கூடும்.

வாரம் ஒரு முறை

அடியில் உள்ள வடிகட்டியைத் திருகி எடுங்கள். கண்ணாடி ஏதாவது உடைந்திருந்தால் முதலில் துணியால் துடைத்தெடுங்கள், வெறுங்கையை விடாதீர்கள். பழைய பல்துலக்கியால் வலையைத் தேய்த்து, குழாயில் கழுவி, இறுக்கமாகப் பூட்டுங்கள். பிறகு நீர் பீய்ச்சும் கையைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று கேட்டால் உள்ளே கடுகோ மிளகாய் விதையோ கிடக்கிறது. அம்மா விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்து ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுப்பார். ஒரு நாள் பதினோரு கடுகு வந்தது, வரிசையாகத் திண்டில் அடுக்கி எனக்குக் காட்டினார்.

சில நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, இயந்திரத்தின் கதவை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்துப் போங்கள். உள்ளே பூசணம் பிடிக்காது.