ஜங்ஷனை மாத்தணுமா, முதல்ல மூலையைப் பாருங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு நம்ம பக்கம் எந்த ஊரா இருந்தாலும், முக்குல நெரிசல்னு பேச்சு வந்தா ஒன்னு சிக்னல் கேப்பாங்க, இல்லைன்னா ரோட்டை அகலப்படுத்துங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டுமே முதல் வேலை கிடையாது. ரோடு அகலமானா வண்டி இன்னும் வேகமாத்தான் வரும், ஆச்சிமார் கடக்க வேண்டிய தூரமும் கூடிப்போகும்.

முதல்ல எண்ணுங்க. ஒரு சாதாரண நாளும் ஒரு சந்தை நாளும் எடுத்துக்கிட்டு, காலையில ஸ்கூல் நேரம், சாயங்காலம் ஸ்கூல் விட்டு கடைவீதி நிரம்புற நேரம், 15 நிமிஷத்துக்கு ஒரு கணக்கா எந்த ரோட்டுல இருந்து எந்த ரோட்டுக்கு எத்தனை வண்டி திரும்புதுன்னு எழுதுங்க. பஸ், கார், டூவீலர் தனித்தனியா. நடக்குறவங்களையும் சைக்கிளையும் கட்டாயம் எண்ணணும், நம்ம ஊர் கணக்குல எப்பவும் விட்டுப்போறது அவங்கதான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்குது, அந்தப் பிள்ளைக மணி அடிச்சதும் ஒரே நேரத்துல வந்து நிக்கிறது இந்த முக்குலதானே. ஜனங்க நிஜமா எந்தக் கோட்டுல நடந்து கடக்குறாங்களோ அதையும் வரைஞ்சு வைங்க, ஜீப்ரா கிராசிங் அங்கதான் வரணும், சுத்திப் போகச் சொன்னா யாரும் போக மாட்டாங்க.

அடுத்தது மூலை, இதுதான் பாதி வேலை. மூலை பெரிய வளைவா இருந்தா இடது பக்கம் திரும்புற வண்டி பிரேக்கே போடாம போயிரும். வளைவை இறுக்கி பிளாட்பாரத்தை வெளிய நீட்டினா வேகமும் குறையும், கடக்குற தூரமும் குறையும். பஸ் திரும்பாதேன்னு கேப்பாங்க, அதுக்கு மூலையோரமா தாழ்வா சொரசொரப்பான கல் பாவி விட்டா பஸ் அதுமேல ஏறித் திரும்பிக்கும், காரும் பைக்கும் ஏற யோசிக்கும்.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. 14 மீட்டர் ரோட்டை விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்குற ஆள் கடக்க சுமார் 12 விநாடி ஆகும், மூட்டுவலியோட 0.8 மீட்டர் நடக்குற ஆச்சிக்கு 17 விநாடிக்கு மேல. நடுவுல 2 மீட்டர் திட்டு வச்சா ஒரு பக்கம் 6 மீட்டர்தான், ஆச்சிக்கே ஏழரை விநாடி போதும், பாதியில நின்னு மூச்சு வாங்கிக்கலாம். சிக்னல் வச்சாலும் பச்சை நேரத்தை ஆச்சி நடைக்குத்தான் போடணும்.

பிளாட்பாரத்துல ஆள் நடக்குற இடம் மட்டும் 1.8 மீட்டர் வேணும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, கிராசிங் வர்ற இடத்துல வீல்சேர் போற மாதிரி சரிவு. அழகா இருக்கும்னு ஆத்தங்குடி கல்லு மாதிரி வழுவழுப்பானதை மட்டும் போட்டுறாதீங்க, மழையில வழுக்கும்.

சைக்கிளுக்கு வெறும் பெயின்ட் கோடு போட்டா மறுநாளே அது பார்க்கிங். இடம் இருந்தா திட்டு வச்சுப் பிரிச்சு, அந்த லேனை முக்கு நடுவுல அறுத்து விடாம அந்தப் பக்கம் வரைக்கும் கொண்டு போங்க. இடம் இல்லைன்னா எல்லா வண்டியும் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள வர்ற மாதிரி கிராசிங்கை மேடாக்கிருங்க. பஸ் ஸ்டாப், ஷேர் ஆட்டோ ரெண்டும் முக்கைத் தாண்டி கொஞ்சம் தள்ளித்தான்.

மேடாக்கும்போது தண்ணி போற வழியைக் கட்டாயம் பாருங்க. செட்டிநாட்டுத் தெருவையெல்லாம் மழைத்தண்ணி ஊருணிக்குப் போற மாதிரி வாட்டம் பாத்துப் போட்டு வச்சிருக்காங்க, நாம ஒரு மேடு போட்டு அந்த வரத்தை மறிச்சா முக்கே குளமாயிரும். அடியில குழாய் விடுங்க.

கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி போலீஸ் அனுமதியோட சுண்ணாம்புக் கோடு, கோன், மணல் மூட்டை வச்சு சில வாரம் ஓட்டிப் பாத்து மறுபடி எண்ணுங்க. ரோடு உங்க ஊர் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியோடதா நெடுஞ்சாலைத் துறையோடதான்னு விசாரிச்சுக்கிட்டு, ரெண்டு கணக்கையும் படத்தையும் சேர்த்து திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர்கிட்ட கொடுங்க, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் அவருதான்.