ஒன்டாரியோ சாலைகளில் டிரெயிலரைப் பாதுகாப்பாக இழுப்பதும் பேணுவதும்

மே மாதத்தில் விக்டோரியா தின விடுமுறை வந்துவிட்டால், 400-ஆம் நெடுஞ்சாலையில் பேரி நகரைத் தாண்டி வடக்கே போகும் வாகனங்களுக்குப் பின்னால், சமைத்துத் தூங்கும் வசதியுள்ள முகாம் டிரெயிலர்கள் வரிசை கட்டிவிடும். ஸ்கார்பரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் அல்கோன்குவின் பூங்காவுக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பங்களும் அந்த வரிசையில் இருக்கின்றன. முதன்முறை டிரெயிலர் வாங்குகிறவருக்கு ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரிய பயமாக இருக்கும். ரிவர்ஸ் ஒரு வார இறுதிப் பயிற்சியில் கைவந்துவிடும். அதில் தவறினால் பெரும்பாலும் பம்பர்தான் நசுங்கும். உயிர்களைப் பாதிப்பது எடைக் கணக்கு. அது வீட்டு வாசலிலேயே, வண்டி கிளம்புவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வாகன விளம்பரத்திலும் விற்பனையாளர் வாயிலும் அடிபடுவது இழுவைத் திறன் என்ற எண். 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ இழுக்கும் என்பார்கள். அந்த எண் பொய்யல்ல. ஆனால் குடும்பத்தோடு போகிறவருக்கு அதற்கு முன்பே வேறொரு எல்லை வந்து நிற்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சுமையும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஓட்டுநரின் எடையும், டிரெயிலரை இணைக்க வாகனத்தின் பின்னால் மாட்டும் ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியின் எடையும், டிரெயிலரின் முன்பகுதி அந்த ஹிட்சின் மீது அழுத்தும் எடையும் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 600 கிலோ என்று போட்டிருக்கும் எஸ்யுவி ஒன்றில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என ஐந்து பேர் ஏறினால் 340 கிலோ போய்விடுகிறது. பின்பக்கத்தில் ஐஸ் பெட்டி, நாற்காலிகள், அரிசி, சட்டி பானைகள் என்று 70 கிலோ. பின்னால் விழும் பாரத்தைக் கம்பிகளால் மற்ற அச்சுகளுக்கும் பகிரும் எடைப் பகிர்வு ஹிட்ச் மட்டும் 35 கிலோ. மிஞ்சுவது 155 கிலோ. இப்போது பின்னால் மாட்டப்போகும் டிரெயிலர், தண்ணீரும் சாமானும் ஏற்றிய நிலையில், 1,900 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதன் பத்து முதல் பதினைந்து சதவீதம், அதாவது 190 முதல் 285 கிலோ வரை ஹிட்சின் மேல் இறங்க வேண்டும். இழுவைத் திறனுக்குள் இருக்கும் டிரெயிலர், வாகனத்தின் சுமைத் திறனைத் தாண்டிவிட்டது. ஹிட்சின் மேல் இறங்கும் இந்த முன்பாரத்தைக் குறைத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். அதைவிட ஆபத்தான வழி வேறில்லை.

ஏனென்றால் அந்த முன்பாரம்தான் டிரெயிலரை நேராக ஓட வைக்கிறது. சுமையின் மையம் டிரெயிலரின் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும்வரை, காற்றோ பள்ளமோ தள்ளினாலும் டிரெயிலர் தானாக நேர்கோட்டுக்குத் திரும்பும். மையம் பின்னால் போய்விட்டால் சிறிய அசைவும் அடுத்த அசைவைப் பெரிதாக்கி, டிரெயிலர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்து, இழுக்கும் வாகனத்தையும் சேர்த்துத் திருப்பிவிடும். சுமையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் முன்பாதியில் இருக்குமாறு ஏற்றுவது நடைமுறையில் உதவும் அளவு. நம் சமையல் சாமான்களில் கிரைண்டர், பெரிய பாத்திரங்கள், அரிசி மூட்டை போன்ற கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும். பின்பக்க பம்பரில் சைக்கிள் தாங்கி மாட்டி நான்கு சைக்கிள்களைத் தொங்கவிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் மறக்கக் கூடாது: 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. பூங்காவில் குழாய் இருக்கும்போது அதை வீட்டிலிருந்து சுமந்து போகத் தேவையில்லை.

ஊகத்தை நம்பாமல் ஒருமுறை எடை போட்டுவிடுவது நல்லது. லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் உள்ள எடை மேடையில், முழுப் பயணச் சுமையோடும் குடும்பத்தோடும், முதலில் டிரெயிலருடன் ஏறி நின்று ஒரு சீட்டும், பிறகு டிரெயிலரைக் கழற்றிவிட்டு வாகனத்தை மட்டும் நிறுத்தி இன்னொரு சீட்டும் வாங்குங்கள். மாட்டியபோது வாகனத்தின் அச்சுகளில் விழுந்த எடைக்கும் தனியாக நின்றபோது விழுந்த எடைக்கும் உள்ள வித்தியாசமே முன்பாரம். முதல் முறை எடை மேடையில் மாட்டும்போது எடைப் பகிர்வுக் கம்பிகளைப் பூட்டாமல் விடுங்கள். பூட்டியிருந்தால் அவை பாரத்தின் ஒரு பகுதியை டிரெயிலர் அச்சுக்கே திருப்பி அனுப்பிவிடுவதால் உண்மையான முன்பாரம் சீட்டில் தெரியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவின் சாதாரண ஜி வகை ஓட்டுநர் உரிமத்தில் 4,600 கிலோ வரையுள்ள டிரெயிலரை இழுக்கலாம். 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெயிலருக்கு அதற்கென்று பிரேக் இருக்க வேண்டும். இணைப்பு ஒன்று விட்டுப்போனாலும் மற்றொன்று தாங்குமாறு இருவேறு இணைப்புகள் வேண்டும். ஓடும் டிரெயிலருக்குள் யாரும் இருக்கக் கூடாது, தூங்கும் குழந்தையானாலும் சரி.

மாட்டும் வேலையை ஒருவரே, பேச்சுக் கொடுக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்வது வழக்கமாக வேண்டும். டிரெயிலர் உருளாமல் தடுக்கும் சக்கரக் கட்டைகள் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஹிட்ச் உருண்டையின் அளவும், அதன் மேல் கவிழ்ந்து உட்காரும் டிரெயிலரின் முன்முனையான கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குல உருண்டையின் மேல் 2 5/16 அங்குலக் கப்ளர் அழகாக உட்கார்ந்துவிடும், முதல் மேட்டில் எகிறிவிடும். கப்ளரை இறக்கி, தாழ்ப்பாளைப் போட்டு, ஊசி செருகிய பிறகும் அதை நம்பிவிடாதீர்கள். முன் ஜாக்கியைத் திரும்ப உயர்த்துங்கள். தாழ்ப்பாள் உண்மையிலேயே உருண்டையைப் பிடித்திருந்தால் வாகனத்தின் பின்பகுதியும் டிரெயிலரோடு சேர்ந்து எழும்பும். கப்ளர் மட்டும் தனியே எழும்பினால் பிடிக்கவில்லை என்று பொருள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் இதைவிட மதிப்புள்ள சோதனை எதுவும் எனக்குத் தெரியாது.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றால் அந்தக் குறுக்கு அதைச் சாலையில் குத்தவிடாமல் ஏந்திக்கொள்ளும். திருப்பத்துக்குப் போதுமான தளர்வு இருக்கட்டும், தரையில் உரசும் அளவுக்கு வேண்டாம். டிரெயிலர் பிய்த்துக்கொண்டு போனால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல், வாகனத்தில் உறுதியான தனி இடத்தில் மாட்டுங்கள். அந்தப் பிரேக் டிரெயிலரின் பேட்டரியில் வேலை செய்கிறது. பேட்டரி இறங்கியிருந்தால் கம்பி இருந்தும் பயனில்லை. பிறகு ஏழு முனை மின்னிணைப்பைச் செருகி, பிரேக் விளக்கு, திருப்ப விளக்குகள் எரிகின்றனவா என்று வேறொருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

எடைப் பகிர்வு ஹிட்ச் வைத்திருப்பவர்கள் ஒரு அளவுநாடாவையும் வைத்திருக்க வேண்டும். டிரெயிலர் மாட்டுவதற்கு முன் முன்சக்கரத்துக்கு மேலுள்ள விளிம்பின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்நிலையில் முன்சக்கரங்களுக்குத் தரைப்பிடிப்பும் ஸ்டீரிங்குக்குக் கட்டுப்பாடும் குறைந்திருக்கின்றன. கம்பிகளை இறுக்கி, அந்த உயரத்தை உங்கள் வாகனக் கையேடு சொல்லும் அளவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பார்வைக்கு மட்டமாகத் தெரிந்தால் போதாது.

ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டிரெயிலரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரை வெறிச்சோடிய ஒரு வாகன நிறுத்துமிடத்தில் சரிசெய்யலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓட்டி, கால் பிரேக்கைத் தொடாமல், கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் முழுதாக நகர்த்துங்கள். டிரெயிலரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் குறையுங்கள். மெதுவாக மட்டும் இழுத்தால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவே சரியானது. காலியாக இருக்கும்போது வைத்த அளவு, சாமான் ஏற்றிய பிறகு போதாமல் போகலாம்.

சாலையில் வேகம்தான் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது. டிரெயிலர்களுக்கென்று செய்யப்படும் எஸ்டி டயர்களில் பல, மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 401-ஆம் நெடுஞ்சாலையில் மற்றவர்கள் 120-இல் போனாலும் வலப்பக்கத் தடத்தில் 90 அல்லது 95-இல் போவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். பெரிய லாரி முந்தும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும்; அதை எதிர்பார்த்து ஸ்டீரிங்கை நிலையாகப் பிடித்திருந்தால் போதும். டிரெயிலர் ஆட ஆரம்பித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, ஆட்டத்தை எதிர்த்துத் திருப்பாமல், கன்ட்ரோலர் கைப்பிடியால் டிரெயிலரின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பின்னால் இழுபடும் டிரெயிலர் தானாக நேராகிவிடும். நின்ற பிறகு சுமையைத் திரும்ப அடுக்காமல் பயணத்தைத் தொடராதீர்கள்.

ஹன்ட்ஸ்வில்லிலிருந்து அல்கோன்குவினுக்குப் போகும் 60-ஆம் நெடுஞ்சாலை பெரும்பகுதி இருவழிப் பாதை. வசந்த காலத்தில், குளிர்காலத்தில் தூவிய உப்பு தேங்கிய ஓரப் பள்ளங்களில் தண்ணீர் குடிக்க மூஸ் என்ற பெரிய மான்கள் சாலையருகே வந்து நிற்கும். டிரெயிலரோடு நிற்பதற்குக் கூடுதல் தூரம் தேவைப்படுவதால், அந்தியிலும் விடியலிலும் அந்தச் சாலையைத் தவிர்க்குமாறு பயணத்தைத் திட்டமிடுவதே என் பரிந்துரை. இறக்கங்களில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்காமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

ரிவர்ஸுக்கு, ஸ்டீரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெயிலரின் வாலும் அந்தப் பக்கம் போகும். பின்னால் நின்று வழிகாட்டுபவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் தெரியவில்லையென்றால் வண்டி நகரக் கூடாது.

இனிப் பராமரிப்பு. டிரெயிலர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதே அதிகம். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஐந்தாறு ஆண்டுகள் ஆனால், டயரின் மேல்வரிப் பள்ளம் புதிதுபோல இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரெயிலரின் ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு நிரப்புங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் வீல் நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, முதல் 15, 40, 80 கிலோமீட்டர்களில் நிறுத்தி மறுபடி பாருங்கள். பேரிங்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் அடைப்பது பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. வழியில் நிற்கும்போதெல்லாம் சக்கர மையத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கடுமையாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பழுதாகிக்கொண்டிருக்கிறது.

டிரெயிலரை மெல்லக் கொல்வது தண்ணீர். கூரையின் ரப்பர் விரிப்பு நன்றாகவே இருக்கும். வென்ட், ஏசி, விளிம்புச் சட்டம் ஆகியவற்றைச் சுற்றிய சீலன்ட் வெடித்து, அந்த மயிரிழை வழியே இறங்கும் நீர், உள்ளே கறை தெரிவதற்கு முன்பே மரச் சட்டத்தை உளுக்கவைத்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூரையைப் பாருங்கள். வெடித்த இடத்தில், கூரை வகைக்கேற்ற, தானாகப் பரவி மட்டமாகும் சீலன்ட்டைப் போடுங்கள். சிலிகான் போட்டால் அதன் மேல் பிறகு வேறெதுவும் ஒட்டாது. உள்ளே அலமாரி மூலைகளையும் ஜன்னலுக்குக் கீழேயும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் பழுது பழையது.

புரொப்பேன் உருளைகளைப் பயணத்தின்போது மூடி வைப்பதே பாதுகாப்பு. கனடாவில் உருளைகளுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனை தேவை. கழுத்துப் பட்டையில் தேதி இருக்கும். வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு கருவியும், சோதனைப் பொத்தானை அழுத்தும்போது சத்தம் போட்டாலும், காலாவதியாகியிருக்கலாம், பின்பக்கத் தேதியைப் பார்த்து மாற்றுங்கள். குளிர் காய்வதற்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள்.

அக்டோபரில் வரும் நன்றி கூறும் நாள் விடுமுறை முடிந்ததும் குளிர்கால ஏற்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாத் தொட்டிகளையும் காலி செய்யுங்கள். கழிவு நீரில், கழிப்பறைக் கழிவு சேரும் கருந்தொட்டியை முதலிலும், கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டியைப் பின்னரும் திறந்தால் குழாய் தானாகக் கழுவப்படும். வாட்டர் ஹீட்டரை அணைத்து, முற்றிலும் ஆறவைத்து, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அதன் வடிகால் அடைப்பைக் கழற்ற வேண்டும். ஹீட்டரைத் தனியே பிரிக்கும் வால்வைத் திருப்பிவிட்டு, டிரெயிலர் குழாய்களுக்கென விற்கும் நச்சற்ற இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை பம்பின் வழியே இழுத்து, ஒவ்வொரு குழாயிலும் நிறம் தெரியும்வரை ஓடவிடுங்கள். ஷவரும் கழிப்பறையும் வெளிப்புறக் குழாயும் இதில் விடுபடக் கூடாது. வெளிப்புறக் குழாய்தான் அடிக்கடி மறந்து போவது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் நஞ்சு, அதைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஈய அமில பேட்டரியை முழுதாக ஏற்றி, கழற்றி வீட்டுக்குள் வைத்தால், இறங்கிய நிலையில் உறைந்து வெடிப்பதைத் தவிர்க்கலாம்; லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

வசந்தத்தில் ஆன்டிஃப்ரீஸ் வாசனை போகும்வரை குழாய்களை அலசிவிட்டு, தொட்டியில் ஏறத்தாழ 60 லிட்டருக்கு 60 மில்லி என்ற கணக்கில் வாசனை சேர்க்காத வீட்டு பிளீச்சைக் கலந்து, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, மறுபடி நல்ல தண்ணீரால் அலசுங்கள். அதே நாளில் பிரேக்கையும் விளக்குகளையும் சோதித்து, டயர்களுக்குக் காற்றடித்து, கூரை மேல் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டால் மே மாதப் பயணத்துக்கு டிரெயிலர் தயார்.