சரளை இறக்கத்தில் சறுக்குவது நின்றது எப்படி: என் அனுபவம்

கோவையில் மருதமலை அடிவாரத்தை ஒட்டிய மண்பாதையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் மூன்று முறை விழுந்தேன். மூன்றும் ஒரே மாதிரி: இறக்கம், சரளைக்கல், திருப்பம். திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பயந்துபோய் முன் பிரேக்கை அழுத்துவேன். சக்கரம் சறுக்கும், முழங்கை தேயும்.

முதலில் டயரில் காற்றைக் குறைத்தேன். தார்ச்சாலைக்காக அடித்த 55 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), கல்லின் மேல் பந்து மாதிரி துள்ளியது. என் எடை 70 கிலோ, டயர் 2.1 அங்குலம். முன்னால் 28, பின்னால் 32 வைத்ததும் டயர் மண்ணைக் கவ்வியது. இன்னும் இறக்கினால் கல்லில் இடித்து டியூப் நசுங்கிப் பஞ்சராகிறது, அதையும் பார்த்துவிட்டேன்.

அப்புறம் உடம்பு. சீட்டை நாலு விரல் இறக்கி, பெடல் இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்தி, எழுந்து நின்று, குதிகாலைத் தாழ்த்தினேன். கை விறைத்தால் ஒவ்வொரு கல்லும் தோளில் அடிக்கும், அதனால் முழங்கை தளர்வாக மடங்கியிருக்க வேண்டும். வேகத்தை நேர்ப்பாதையிலேயே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடித்துக் குறைத்தேன். பார்வை திருப்பம் முடியும் இடத்தில். இதுதான் ரொம்பக் கடினம்: கண் கல்லைப் பார்த்தால் வண்டியும் கல்லுக்கே போகும். மைதானத்தில் செங்கல் வைத்து இரண்டு வாரம் பழகிய பிறகே கைவந்தது.

ஹெல்மெட், கையுறை இல்லாமல் போவதில்லை. அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகு, துணையோடுதான் கிளம்புகிறேன்.