பிள்ளையை பேஸ்பால் லீக்கில் சேர்க்கும் முன்: பந்துக் கணக்கும் பாதுகாப்பு விதிகளும்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால், முதல் குளிர்காலம் முடிவதற்குள் பேஸ்பால் பேச்சு வந்துவிடும். வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் ஆடுகிறார்கள், நானும் ஆட வேண்டும் என்று பிள்ளை கேட்கும். தாராளமாகச் சேருங்கள். புது ஊரில் பிள்ளைக்கு நண்பர்களும் உங்களுக்கு அக்கம்பக்கத்துப் பழக்கமும் கிடைக்க இதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் கிரிக்கெட் தெரியும், இதுவும் அப்படித்தான் என்று விதிகளைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். சிறுவர் பேஸ்பாலின் விதிகளில் ஒரு பெரும்பகுதி வளரும் உடம்பைக் காப்பதற்காகவே எழுதப்பட்டது. அதை நடைமுறையில் காப்பாற்றும் பொறுப்பில் பாதி பெற்றோரிடம்தான் இருக்கிறது.

இங்கே சொல்லும் எண்கள் லிட்டில் லீக்கின் விதிகள். 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய அமைப்பு இது. உங்கள் ஊர் லீக் கால் ரிப்கன், போனி போன்ற வேறு அமைப்பைச் சேர்ந்ததாக இருந்தால் எண்கள் கொஞ்சம் மாறும், நோக்கம் ஒன்றுதான். எந்த அமைப்பின் கீழ் ஆடுகிறார்கள் என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாக. வசந்த காலப் போட்டிகளுக்குப் பல ஊர்களில் ஜனவரி, பிப்ரவரியிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழும், லீக்கின் எல்லைக்குள் வசிப்பதற்கோ அங்கே பள்ளியில் படிப்பதற்கோ ஆதாரமும் கேட்பார்கள். 'லீக் வயது' என்று ஒன்று உண்டு, அது பிள்ளையின் இன்றைய வயதாக இருக்க வேண்டியதில்லை. லீக்கின் வயது அட்டவணையில் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் ஒதுக்கக் கூடாது என்று லிட்டில் லீக் விதியே சொல்கிறது, ஆகவே சிரமம் இருந்தால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெண் பிள்ளை என்றால் சாப்ட்பால்தான் (பெரிய பந்தில் ஆடும் இதே போன்ற ஆட்டம்) என்பதும் இல்லை. 1974 முதல் லிட்டில் லீக் பேஸ்பாலில் பெண்கள் ஆடலாம். 2014-ல் மோனே டேவிஸ் என்ற 13 வயதுச் சிறுமி லிட்டில் லீக் உலகத் தொடரில் பந்து வீசி, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தாள்.

இனி முக்கியமான விஷயம்.

பந்துக் கணக்கு

பிட்சர் ஒரு நாளில் எத்தனை பந்து வீசலாம் என்பதற்கு வயதுவாரியாக வரம்பு உண்டு. இதைத்தான் எல்லோரும் 'பிட்ச் கவுண்ட்' என்கிறார்கள். முன்பு இன்னிங்ஸ் கணக்கு இருந்தது. 2007-ல் லிட்டில் லீக் அதைப் பந்துக் கணக்காக மாற்றியது. ஒரு இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆகும் வரை) 8 பந்தில் முடியலாம், 35 பந்து வரைக்கும் இழுக்கலாம், தோளுக்கும் முழங்கைக்கும் பந்துதான் கணக்கு என்பதால் அந்த மாற்றம் மிகச் சரியானது. 7-8 வயதுக்கு நாளொன்றுக்கு 50 பந்து, 9-10 வயதுக்கு 75, 11-12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95. வரம்பைத் தொடும்போது ஒரு பேட்டரின் ஆட்டம் பாதியில் இருந்தால் அவரை முடித்துவிட்டு வெளியே வரலாம்.

நாள் வரம்பைவிடப் பெற்றோர் அதிகம் கவனிக்க வேண்டியது ஓய்வு நாள். 14 வயது வரை, 20 பந்துக்குள் வீசினால் ஓய்வு கட்டாயமில்லை. 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66-ஐத் தொட்டால் நான்கு நாள். நாள் என்பது காலண்டர் நாள். சனிக்கிழமை உங்கள் பையன் 66 பந்து வீசினான் என்று வையுங்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும் ஓய்வு. வியாழக்கிழமைதான் மறுபடி வீசலாம். 65-ல் நிறுத்தியிருந்தால் புதன்கிழமையே வீசலாம். இதனால்தான் பந்து 64, 65 என்று போகும்போது கோச் டக்அவுட்டில் (அணி உட்காரும் இடம்) எழுந்து நிற்பார். நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பையனை ஏன் எடுக்கிறார் என்று கேலரியில் இருந்து குரல் கொடுக்காதீர்கள். அவர் அடுத்த ஆட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பிட்சரும் கேட்சரும் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ஒரே பையனாக இருப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு ஆட்டத்தில் 41 பந்தோ அதற்கு மேலோ வீசியவர் அன்று முழுக்க கேட்சராக உட்காரக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவர் அன்று பந்து வீசக் கூடாது. காரணம் எளிது: கேட்சர் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிகிறார். எண்ணப்படாவிட்டாலும் அதுவும் எறிதல்தான்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், இந்த வயதில் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் மென்மையான பகுதி) இன்னும் மூடியிருக்காது. ஓய்வில்லாமல் எறிந்துகொண்டே இருந்தால் முழங்கையின் உட்புறத்தில் அந்தத் தட்டு வீங்கும், விலகும். மருத்துவர்கள் இதற்கு 'லிட்டில் லீகர்ஸ் எல்போ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெரிய பையன்களுக்கு முழங்கைத் தசைநாரே கிழியும். டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்த அறுவை சிகிச்சை இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தொழில்முறை ஆட்டக்காரருக்காகப் பிறந்த அந்தச் சிகிச்சை இப்போது பள்ளி மாணவர்களுக்கும் நடக்கிறது. அலபாமாவில் உள்ள அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட் சிறுவயது பிட்சர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு இருந்தது.

அந்த விதியில் உள்ள ஓட்டை

லிட்டில் லீக் எண்ணுவது லிட்டில் லீக்கில் வீசிய பந்தை மட்டும். கொஞ்சம் திறமையான பிள்ளை என்றால் 'டிராவல் டீம்' என்று ஊர் ஊராகப் போய் ஆடும் இன்னொரு அணியிலும் சேர்த்துக்கொள்வார்கள். சனிக்கிழமை ஊர் லீக்கில் 60 பந்து, ஞாயிற்றுக்கிழமை டிராவல் டீம் போட்டியில் 50 பந்து. இரண்டு கோச்சும் தங்கள் விதியை மீறவில்லை. பையனின் முழங்கை மட்டும் இரண்டு நாளில் 110 பந்தைத் தாங்குகிறது. இதைக் கூட்டிப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான், வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

நம்மவர்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. வார இறுதியில் கிரிக்கெட் அகாடமி. அங்கே வேகப்பந்து ஆறு ஓவர், வலைப்பயிற்சியில் அதற்கு மேல். பந்து வீசும் முறை வேறு என்றாலும் தோள் அதையும் சுமக்கத்தான் செய்கிறது. பேஸ்பால் கோச்சுக்கு இது தெரியவே தெரியாது, கிரிக்கெட் கோச்சும் கேட்க மாட்டார். ஆகவே ஒரு சின்ன நோட்டோ போனில் ஒரு பக்கமோ வைத்து, தேதி போட்டு, எந்த அணி, எத்தனை பந்து என்று எழுதுங்கள். பல அணிகள் கேம்சேஞ்சர் செயலியில் பந்துக் கணக்கைப் போடுகின்றன, அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும் நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-ல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் தோளுக்கு மேல் கை தூக்கி எறியும் எதையும் செய்யாதிருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் பந்து வீசக் கூடாது. ஒரே காலத்தில் பல அணிகளுக்கு ஆடுவதைத் தவிர்க்க வேண்டும். பந்தை வளைக்கும் 'கர்வ்பால்' எல்லாம் நேர்ப்பந்தும் வேகம் குறைந்த பந்தும் நன்றாகக் கைவந்த பிறகு, 13 வயதுக்கு மேல்தான். லிட்டில் லீக் கர்வ்பாலைத் தடை செய்யவில்லை, அதனால் 10 வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நமக்கு இந்த இடத்தில் ஒரு தயக்கம் வரும். ஆசிரியர், கோச் என்றால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே கோச் பெரும்பாலும் அணியில் உள்ள இன்னொரு பிள்ளையின் அப்பாதான், வேலை முடிந்து வந்து தன்னார்வமாகச் செய்கிறார். 'நேற்று வேறு அணியில் 50 பந்து வீசியிருக்கிறான், இன்று வீச வேண்டாம்' என்று ஆட்டத்துக்கு முதல் நாளே செய்தி அனுப்பினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையில் நன்றி சொல்வார்கள். அப்புறம், பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்: முழங்கை, தோள் வலித்தால் மறைக்கக் கூடாது. வலி மாத்திரை கொடுத்து ஆட அனுப்பவே அனுப்பாதீர்கள்.

மட்டை, ஹெல்மெட், நகை

மட்டை வாங்கும் முன் லீக்கைக் கேளுங்கள். 2018 ஜனவரி முதல் லிட்டில் லீக்கில் உலோக, கலப்பு மட்டைகளில் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்க வேண்டும். யுஎஸ்எஸ்எஸ்ஏ முத்திரை உள்ள மட்டை பந்தை இன்னும் வேகமாக அனுப்பும். பல டிராவல் போட்டிகளில் செல்லும், லிட்டில் லீக்கில் செல்லாது. இரண்டு பெயரும் ஒன்றுபோல இருப்பதால் கடையில் தள்ளுபடி பார்த்து மாற்றி வாங்கிவிடுவது சகஜம். செல்லாத மட்டையோடு இறங்கினால் பேட்டரை அவுட் கொடுப்பார்கள்.

ஹெல்மெட்டில் நாக்ஸே என்ற அமைப்பின் தர முத்திரை இருக்கும். பழையது வாங்கினால் விரிசலைப் பாருங்கள், உள்பஞ்சு உதிர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் அனுமதிக்காமல் அதற்குப் பெயிண்ட் அடிப்பதோ ஸ்டிக்கர் ஒட்டுவதோ கூடாது. பேட்டருக்கும் ஓடுபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். கேட்சருக்கு முகமூடி, தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், முழங்கால் காப்பு எல்லாம் வேண்டும். பையன்களுக்கு உள்ளாடைக்குள் அணியும் உள்காப்பும் ('கப்') வேண்டும். இதைக் கடையில் கேட்கக் கூச்சப்பட்டு வாங்காமல் விடுகிறவர்கள் உண்டு, முதல் நாளே வாங்கிவிடுங்கள். கம்மல், காப்பு, கழுத்துச் செயின், வெள்ளி அரைஞாண் எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது. சறுக்கி விழும்போது அவைதான் சதையைக் கிழிக்கும்.

கிரிக்கெட் ஆடிய பிள்ளைக்கு மறக்க வேண்டிய பழக்கங்கள்

அடித்துவிட்டு மட்டையோடு ஓடுவது முதலாவது. பேஸ்பாலில் மட்டையை அங்கேயே கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். போட வேண்டும், வீசக் கூடாது. அடித்த வேகத்தில் கையை விட்டால் மட்டை சுழன்று பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் மீது பாயும். வீட்டு முற்றத்தில் பந்தே இல்லாமல், அடி, போடு, ஓடு என்று பழக்குங்கள்.

பாய்ந்து மட்டையை நீட்டி ரன் எடுக்கும் பழக்கமும் உண்டு அல்லவா, அது இங்கே தலைகுப்புற பேஸை (ஓடுபவர் தொட வேண்டிய இடம்) நோக்கிப் பாய்வதாக மாறும். 12 வயது வரையிலான பிரிவுகளில் முன்னேறும்போது அப்படித் தலையை முன்னால் விட்டுச் சறுக்கினால் அவுட். விட்ட பேஸுக்குத் திரும்பும்போது மட்டும் அனுமதி. பந்து வைத்திருக்கும் தடுப்பாளரை இடித்துத் தள்ளவும் கூடாது. சறுக்க வேண்டும் அல்லது சுற்றிப் போக வேண்டும். பிட்சர் வீசிய பந்து பேட்டரை எட்டும் வரை ஓடுபவர் பேஸை விட்டு நகரக் கூடாது என்பதும் இந்த வயதுக்கான விதி.

அடுத்து ஆட வேண்டியவர் வெளியே நின்று மட்டையைச் சுழற்றிக்கொண்டிருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சிறுவர் பிரிவுகளில் அதற்கு அனுமதி இல்லை, டக்அவுட்டுக்குள் மட்டையைக் கையில் எடுக்கவே கூடாது. தம்பி தங்கைகள் வேலி ஓரம் மட்டையோடு விளையாடுவதையும் நிறுத்துங்கள்.

இடி, தலைக்காயம்

இடி கேட்டால் ஆட்டம் நிற்கும். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கும். நடுவில் ஒரு இடி கேட்டால் 30 நிமிடமும் முதலிலிருந்து. டக்அவுட் பாதுகாப்பான இடம் இல்லை, மரத்தடியும் இல்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

தலையில் அடிபட்டால், எழுந்து நின்றுவிட்டான், சிரிக்கிறான் என்பதெல்லாம் கணக்கில் சேராது. தலைவலி, வாந்தி, மயக்கம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது இவை சில மணி நேரம் கழித்தும் வரலாம். 2009-ல் வாஷிங்டன் மாநிலம் இயற்றிய லிஸ்டெட் சட்டத்தைத் தொடர்ந்து எல்லா மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் வந்துவிட்டது: சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், பொதுவாக மருத்துவர் எழுத்தில் அனுமதி தந்த பிறகே திரும்ப ஆடலாம். முக்கியமான ஆட்டம் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். மார்பில் பந்து பட்டுப் பிள்ளை சுருண்டு விழுந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 911. நின்ற இதயத்தை மின் அதிர்ச்சியால் மீட்கும் ஏஇடி கருவி எங்கே இருக்கிறது என்பதை முதல் பயிற்சி நாளிலேயே கேட்டு வையுங்கள்.

காயத்துக்கு லீக் விபத்துக் காப்பீடு உண்டு. உங்கள் சொந்தக் காப்பீடு கொடுத்தது போக மீதிக்குத்தான் அது வரும். விபத்துப் படிவத்தை 20 நாளுக்குள் அனுப்பச் சொல்வார்கள், அதனால் அடிபட்ட வாரமே லீக்கின் பாதுகாப்பு அலுவலரிடம் பேசுங்கள்.

நீங்களும் உதவலாம்

கோச்சுக்குத் துணையாகத் திடலுக்குள் போக நினைத்தால் பின்னணிச் சோதனையும், குழந்தைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றிய பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். எல்லோருக்கும் இது பொருந்தும், உங்களை மட்டும் சந்தேகிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை என்றால் பந்து எண்ணும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் தேவை, கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். பேட்டருக்கு வீசும் ஒவ்வொரு பந்தும் கணக்கு, ஃபவுல் (எல்லைக் கோட்டுக்கு வெளியே) அடித்ததும் சேர்த்து. இன்னிங்ஸுக்கு முன் வீசும் பயிற்சிப் பந்தும், ஓடுபவரைப் பிடிக்க பேஸுக்கு எறிவதும் கணக்கில் வராது. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எதிரணியின் கணக்காளரோடு எண்ணை ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அடுத்த பந்துக்கு முன்பே அம்பயரிடம் சொல்லிவிடுங்கள்.