பழைய ரேடியோ கண்ட்ரோல் மாதிரிப் படகைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட வைப்பது எப்படி?

நிக்கோலா டெஸ்லா 1898ஆம் ஆண்டு நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் கம்பியில்லா அலைகளால் ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். ஆனால் ஒட்டுப்பலகைத் துண்டுகள் அடங்கிய கிட்டுகளை வாங்கி வீட்டு மேசையில் படகு கட்டும் பழக்கம் பரவலானது 1950, 60களில்தான். பிரிட்டனில் ஏரோகிட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 34 அங்குல 'கிராஷ் டெண்டர்', 46 அங்குல 'சீ குவீன்' போன்றவையும் அவற்றின் வழியில் வந்த எண்ணற்ற படகுகளும் இன்று பரண்களிலிருந்தும் பழைய பொருள் விற்பனைகளிலிருந்தும் வெளியே வருகின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் பெயின்ட் வாங்குகிறார்கள். இந்தக் கட்டுரை அதற்கு நேர்மாறான வரிசையைப் பரிந்துரைக்கிறது: முதலில் உடல், அடுத்து புரொப்பெல்லர் தண்டு, பிறகு மோட்டாரும் மின்கலமும், அதன் பின் ரேடியோ, கடைசியில்தான் பெயின்ட். தண்டு நேராக உட்காராத படகுக்கு எவ்வளவு விலையுயர்ந்த மோட்டாரைப் பொருத்தினாலும் அது மின்கலத்தைச் சூடாக்குமே தவிர ஒழுங்காக ஓடாது.

உடலைச் சோதித்தல்

எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் எந்த இடத்தில் இருந்தது, சுக்கான் கம்பி எந்த வழியாகச் சென்றது, ஈயக்கட்டிகள் எங்கே ஒட்டப்பட்டிருந்தன என்பவை பிறகு மிகவும் தேவைப்படும். படகை முழுமையாக எடை போட்டுக் குறித்துக்கொள்வதும் அவசியம்; பின்னர் மின்கலத்தை மாற்றும்போது இந்த எண்ணே வழிகாட்டும்.

அடுத்து மெல்லிய ஊசியால் ஏராக்கட்டை (படகின் அடிமுதுகெலும்பு) நெடுகவும், வங்குகள் (உட்புறக் குறுக்குச் சட்டங்கள்) பலகையைத் தொடும் இடங்களிலும் இலேசாகக் குத்திப் பாருங்கள். ஊசி எதிர்ப்பின்றி இறங்கினால் அங்கே மரம் உளுத்திருக்கிறது. மரம் நன்றாக இருந்தும் இணைப்புகள் மட்டும் விட்டுப்போயிருப்பது பழைய படகுகளில் மிகச் சாதாரணம், ஏனெனில் அன்றைய பசைகள் பல ஆண்டுகளில் காய்ந்து நொறுங்கிவிடுகின்றன. விரல் கணுவால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் பொள்ளலான ஓசை வந்தால், அங்கே பலகை வங்கிலிருந்து பிரிந்துவிட்டது என்று பொருள்.

கசிவைக் கண்டுபிடிக்கப் படகுக்குள் நீரை ஊற்ற வேண்டாம். உள்ளிருந்து வரும் எடையைத் தாங்கும்படி அந்த உடல் கட்டப்படவில்லை. மாறாக, உட்புற இணைப்புகளின் மேல் சாக்பீஸ் பொடியைத் தூவி, படகை ஒரு தொட்டியில் மிதக்கவிட்டு, அதன் வழக்கமான எடைக்கு இணையாகப் பாரம் ஏற்றி அரை மணி நேரம் வையுங்கள். பொடி எங்கெல்லாம் கறுத்து ஈரமாகிறதோ, அங்கெல்லாம் பென்சிலால் குறியிடுங்கள்.

பழைய பெயின்ட்டை அகற்றும்போது ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள், முகக்கவசம் அணியுங்கள், தேய்த்த கழிவைத் துணியில் ஒற்றியெடுத்து மூடிய பையில் அப்புறப்படுத்துங்கள்.

டீசல் அல்லது குளோ எஞ்சின் பொருத்தப்பட்டிருந்த படகென்றால், எஞ்சின் அறையின் மரத்தில் விளக்கெண்ணெய் ஊறியிருக்கும். அந்த எரிபொருள்களில் உயவுக்காக அது கலக்கப்பட்டது. எண்ணெய் ஊறிய மரத்தில் எபாக்ஸி (இரு கலவைகளைச் சேர்த்து இறுகவைக்கும் பசை) ஒட்டாது. ஒட்டியதுபோல் தோன்றி, முதல் அதிர்விலேயே தகடாகப் பெயர்ந்துவரும். சாக்பீஸ் பொடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குழைத்துக் களிம்பாகப் பூசி, காய்ந்ததும் சுரண்டியெடுங்கள். பொடியில் மஞ்சள் நிறம் ஏறுவது நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் குறுக்குவழி இல்லை. ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பிலிருந்து விலகிச் செய்யுங்கள்.

விட்டுப்போன இணைப்புகளுக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸியே ஏற்றது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அவசரத்துக்கு உதவும், ஆனால் நீர்க்கோட்டுக்குக் கீழே அதை நான் நம்புவதில்லை. உளுத்த பலகையைச் சாய்வாக வெட்டியெடுத்து, அதே தடிமனுள்ள ஒட்டுப்பலகைத் துண்டை அதே சாய்வில் இழைத்துப் பதித்தால் ஒட்டும் பரப்பு கூடும். வெளிப்புறம் முழுவதையும் சதுர மீட்டருக்கு 25 முதல் 50 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணியாலும் மெல்லிய எபாக்ஸியாலும் போர்த்துவது எடையை அதிகம் கூட்டாமல் பழைய உடலுக்குப் புது வலிமை தரும். உட்புறத்தையும் தூரிகையால் மெல்லியதாகப் பூசி அடைத்துவிடுங்கள், ஏனெனில் மேல்தளம் வழியாகத் தெறிக்கும் நீர் உள்ளிருந்துதான் மரத்தை அழிக்கிறது.

புரொப்பெல்லர் தண்டு

ஒரு பழைய படகின் தரத்தைத் தண்டை விரலால் சுழற்றிப் பார்த்தே சொல்லிவிடலாம். தண்டை வெளியே இழுத்து, மெழுகுபோல் இறுகிப்போன பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டுங்கள். தண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் மின்னி மின்னி மறைந்தால் தண்டு வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த முயல்வதைவிட அதே விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தண்டை வாங்குவதே மேல். பிறகு தண்டைக் குழாயில் செருகி முனையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தெளிவாக ஆடினால் குழாய் முனைகளில் தண்டைத் தாங்கும் வளையங்களான புஷ்கள் தேய்ந்துவிட்டன.

குழாயையே மாற்ற வேண்டியிருந்தால் அதை உடைத்தெடுக்க வேண்டாம். சூடான சால்டரிங் அயனைப் பித்தளைக் குழாயின் மேல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால், வெப்பம் குழாய் நெடுகப் பரவிச் சுற்றியுள்ள எபாக்ஸியை இளக்கும். அப்போது குழாயை மெல்லத் திருகி உருவலாம். புதிய குழாயின் உள்முனை நீர்க்கோட்டுக்கு மேலே இருக்கும்படி நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு இடமில்லையென்றால், குழாயின் நடுவில் ஒரு சிறு செங்குத்துக் குழலைப் பற்றவைத்து, அதன் வழியே அவ்வப்போது மென்மையான கிரீஸைச் செலுத்தும் ஏற்பாடு வேண்டும். கெட்டியான கிரீஸ் நீரைத் தடுக்கும். ஆனால் தண்டையும் சேர்த்துத் தடுக்கும்.

படகு முன்னோக்கிச் செல்லும்போது புரொப்பெல்லர் தண்டை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வெளிமுனை வாஷரும் புஷ்ஷும் தாங்க வேண்டியது. மோட்டாரின் அச்சுக்குப் போகக் கூடாது. எனவே வெளிமுனையில் வாஷர் புஷ்ஷைத் தொடும் நிலையில், உள்முனையில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பூட்டுநட்டை இறுக்குங்கள். புரொப்பெல்லர் இதழின் நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே, புரொப்பெல்லர் விட்டத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்க வேண்டும்.

மோட்டாரைத் தண்டோடு நேர்கோட்டில் நிறுத்துவதுதான் முழு வேலையிலும் பொறுமை கேட்கும் கட்டம். இரண்டு அச்சுகளின் மேலும் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பித்தளைக் குழல்துண்டைத் தற்காலிக இணைப்பாகப் போட்டு, மோட்டாரை அது விரும்பும் நிலையில் நிற்கவிட்டு, அந்த நிலைக்கு ஏற்ப மோட்டார் மேடையை அடியிலிருந்து கட்டி எழுப்புங்கள். எபாக்ஸி இறுகி, திருகுகள் முடுக்கப்பட்ட பின்னரே குழலை அகற்றி, நெகிழும் யுனிவர்சல் கப்ளிங்கைப் பொருத்த வேண்டும். கப்ளிங் கோணத்தைச் சரிசெய்துவிடும் என்று நம்பி மோட்டாரைச் சாய்த்து வைப்பவர்களின் படகுகள் இரைச்சலாலேயே அடையாளம் தெரியும். சரியாக அமைந்ததா என்பதை அம்மீட்டர் சொல்லும்: மோட்டார் தனியாகச் சுழலும்போது எடுக்கும் மின்னோட்டத்தையும், புரொப்பெல்லர் இல்லாமல் தண்டோடு சேர்ந்து சுழலும்போது எடுப்பதையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் சற்றே கூடலாம். வெகுவாகக் கூடினால் எங்கோ உரசுகிறது.

மோட்டார்

1950, 60களின் படகில் அசல் மின்மோட்டார் இன்னும் இருந்தால், அது டேக்கால் நிறுவனம் தயாரித்தது போன்ற களச்சுருள் மோட்டாராக இருக்கக்கூடும். இவற்றில் நிலைக்காந்தம் கிடையாது. ஒரு கம்பிச்சுருளே காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஆகவே முனைகளை மாற்றிக் கொடுத்தால் களச்சுருளிலும் ஆர்மேச்சரிலும் (சுழலும் சுருள்) மின்னோட்டம் ஒருசேரத் திசை மாறி, மோட்டார் பழைய திசையிலேயே சுழலும். இதை அறியாமல் நவீன வேகக்கட்டுப்பாட்டுக் கருவியை நேரடியாக இணைத்துவிட்டு, ரிவர்ஸ் வரவில்லையே என்று கருவியைக் குறை சொல்வோர் உண்டு. தீர்வு எளிது. களச்சுருளின் இரு முனைகளையும் பிரித்தெடுத்து ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயரின் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் நான்கு முனைக் கருவி) நேர், எதிர் முனைகளில் இணைக்க வேண்டும். ரெக்டிஃபயரின் மற்ற இரு முனைகளும் ஆர்மேச்சரோடு தொடர்வரிசையில் அமைய வேண்டும். அப்போது களச்சுருளில் மின்னோட்டம் எப்போதும் ஒரே திசையில் பாயும். ஆர்மேச்சரில் மட்டும் திசை மாறும். ரெக்டிஃபயர் ஏறத்தாழ 1.4 வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதால், 6 வோல்ட்டில் ஓட்டுபவர்களுக்கு இந்த இழப்பு தெரியும்.

ஆர்மேச்சருக்கு மின்சாரம் தரும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் படிந்த கரியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டியெடுங்கள். உலோக ஊசியைப் பயன்படுத்தினால் செம்பில் பிசிறு எழும்பி, அதன் மேல் உரசும் பிரஷ்களைத் தின்றுவிடும்.

புதிய மோட்டார் பொருத்துவதானால் வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். உண்மைக் கப்பலின் வேகத்தை அளவுவிகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் மாதிரிக்குரிய வேகம் கிடைக்கும். 24 நாட் வேகத்தில் செல்லும் மீட்புப் படகின் 1:16 மாதிரிக்கு 6 நாட், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் போதும். 12 நாட் செல்லும் இழுவைப்படகின் 1:36 மாதிரிக்கு 2 நாட்தான். அது ஒருவர் மெதுவாக நடக்கும் வேகம். பழைய உடல்களில் தேவைக்கு மேல் சக்தியைத் திணிப்பது இன்றைய பரவலான மோகம். அப்படிப்பட்ட இழுவைப்படகு அணியத்தை (முன்புறத்தை) தூக்கிக்கொண்டு, பின்புறத்தை நீருக்குள் புதைத்துக்கொண்டு போவதைக் காணச் சகிக்காது.

கியர் இல்லாத சாதாரணப் பிரஷ் மோட்டாருக்கு, புரொப்பெல்லரின் விட்டம் மோட்டார் உடலின் விட்டத்தைத் தாண்டாமல் இருப்பது நல்ல தொடக்கம். பிரஷ் இல்லாத மோட்டாரென்றால் அதன் கேவி எண்ணை (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது) மின்னழுத்தத்தால் பெருக்கிச் சுமையற்ற சுழற்சியைக் கணக்கிடுங்கள். 1000 கேவி மோட்டார் 11.1 வோல்ட்டில் நிமிடத்துக்கு 11,100 சுற்று சுழலும். 50 மில்லிமீட்டர் புரொப்பெல்லருக்கு அது மிக அதிகம். இறுதி முடிவைத் தொட்டியில் எடுங்கள்: படகை அசையாமல் பிடித்துக்கொண்டு முழு வேகம் கொடுத்து மின்னோட்டத்தை அளந்து, அதைப்போல் ஒன்றரை முதல் இரு மடங்கு தாங்கும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியை வாங்குங்கள்.

மின்கலமும் ரேடியோவும்

அந்தக் காலப் படகுகள் பலவும் ஈய-அமில மின்கலத்தின் எடையைக் கணக்கில் கொண்டே மிதந்தன. அதை எடுத்துவிட்டு எடை குறைந்த லித்தியம் கலத்தை வைத்தால் படகு நீர்க்கோட்டுக்கு மேலே எழும்பி, லேசான காற்றுக்கே தள்ளாடும். குறைந்த எடையை ஈயமாகத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். மெதுவாகச் செல்லும் படகுக்கு 6 அல்லது 12 வோல்ட் ஈய-அமிலக் கலமே இன்றும் அறிவுள்ள தேர்வு என்பது என் கருத்து. வேகப் படகுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு அல்லது லித்தியம் பொருந்தும். எதுவானாலும் கலத்தின் நேர்முனைக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் கட்டாயம். களை சுற்றிப் புரொப்பெல்லர் நின்றுபோனால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், மரப்படகுக்குள் வயர்களை எரிக்கப் போதுமானது.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என, அலைவரிசையை முடிவுசெய்யும் கிரிஸ்டல்களுக்கு நிறம் குறித்திருப்பார்கள். ஒரே நிறத்தில் இருவர் ஒரே குளத்தில் ஓட்ட முடியாது. சுக்கானைத் திருப்ப அன்று பயன்பட்ட, ரப்பர் முறுக்கில் இயங்கும் எஸ்கேப்மென்ட் கிடைத்தால் அதைத் தூக்கியெறியாமல் இருந்த இடத்திலேயே விட்டுவைத்து, சுக்கானை மட்டும் புதிய சர்வோவோடு (ரேடியோ கட்டளைப்படி திரும்பும் சிறு மோட்டார்) இணையுங்கள். ஓட்டுவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் சாதனமே நம்பகமானது. ஆனால் அந்த அலை நீரை ஊடுருவாது. ஆகவே ரிசீவரின் ஆன்டெனா முனையை நீர்க்கோட்டுக்கு மேலே, மோட்டாரிலிருந்து விலக்கி நிறுத்துங்கள். பிரஷ் மோட்டாரின் தீப்பொறி இரைச்சலை அடக்க, இரு முனைகளுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும், ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உறைக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் பற்றவையுங்கள். ரிசீவருக்குத் தனி மின்கலம் வைத்தால், வேகக்கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து வரும் சிவப்பு வயரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

நீரில் இறக்குதல்

பெயின்ட் முடிந்து, எல்லாக் கருவிகளையும் ஏற்றிய பிறகு படகைத் தொட்டியில் மிதக்கவிட்டு நீர்க்கோட்டில் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். ஈயத்தை இயன்ற அளவு தாழ்வாக, ஏராக்கட்டையை ஒட்டி வையுங்கள். ஒரு பக்கமாக அமுக்கிவிட்டால் சட்டென்று நிமிர வேண்டும். சோம்பலாக எழுந்தால் மேலே எடை கூடிவிட்டது. சரியான இடம் கிடைக்கும்வரை ஈயத்தை ஒட்ட வேண்டாம்.

குளத்தில் முதல் ஓட்டத்தை அரை வேகத்தில், கரையோரமாக, சில நிமிடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கரைக்குக் கொண்டுவந்ததும் மோட்டாரையும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியையும் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் சிறிய புரொப்பெல்லருக்கு மாறுங்கள். வீடு திரும்பியதும் மேல்மூடியைத் திறந்து உட்புறம் உலரும்வரை வையுங்கள், தண்டில் கிரீஸைப் புதுப்பியுங்கள், மின்கலத்தைப் படகிலிருந்து எடுத்துவிடுங்கள். லித்தியம் பாலிமர் கலத்தைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவிலும், ஈய-அமிலக் கலத்தை முழுவதும் சார்ஜ் செய்தும் வைக்க வேண்டும்.