போர்ச்சுகலில் யாருக்கு எப்போது பென்ஷன் வந்தது: ஒரு நாட்டின் நலத்திட்ட வரலாற்றைப் படிக்கும் வழி

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வரலாறோ அரசியல் அறிவியலோ படிக்கிற பிள்ளைகள் போர்ச்சுகல் என்றதும் வாஸ்கோ ட காமா, கோவா என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். கூலிக்காரருக்கு அரசு என்ன செய்தது, அதை முடிவு செய்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டுப் படிப்பதற்கு அதைவிடத் தோதான நாடு ஐரோப்பாவில் குறைவு. சின்ன நாடு. 1910க்கும் 1976க்கும் இடையில் மன்னராட்சி, குடியரசு, சர்வாதிகாரம், புரட்சி, ஜனநாயகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம்.

ஆட்சி மாறிய வரிசையை முதலில் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது, நாட்டின் தெற்கே அலென்தேஜோ என்ற பகுதியில் பெரிய பண்ணைகளில் தினக்கூலிக்குப் போன விவசாயத் தொழிலாளி. நோட்டில் நெடுக்கே ஒரு கோடு போட்டு இடது, வலது என்று இரண்டு பத்தி பிரியுங்கள். ஒன்றில் சட்டம் வந்த வருடம், இன்னொன்றில் அந்தச் சட்டம் இந்த ஆளின் கைக்கு வந்து சேர்ந்த வருடம். நடுவில் விழுகிற இடைவெளியைத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள்.

நிரப்பிப் பாருங்கள். 1913இல் வேலையிட விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்று சட்டம். 1919 மே மாதம் நோய், விபத்து, முதுமை, உடல் இயலாமை எல்லாவற்றுக்கும் கட்டாயக் காப்பீடு என்று அரசாணை, அதை நடத்தத் தனி நிறுவனமே தொடங்கினார்கள். அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலான திட்டம், ஆனால் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது, ஏனென்றால் 1910 முதல் 1926 வரையான 16 வருடக் குடியரசில் சுமார் 45 அமைச்சரவைகள் வந்து போயின, பணமும் இல்லை, ஒரு மந்திரி தொடங்கியதை அடுத்தவர் கையில் எடுக்க நேரமும் இல்லை. 1935இல் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி புதிதாக ஒரு சமூகக் காப்பீட்டுச் சட்டம் போட்டது. தொழிற்சாலைக்காரர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் தொழில்வாரியாகத் தனித்தனி நிதிகள் வந்தன. நம்முடைய அலென்தேஜோ ஆள்? அவருக்கு முறையான ஓய்வூதியமும் குடும்பப் படியும் 1969 சட்டத்தோடுதான் எட்டின, அதுவும் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிடக் கம்மி. 1919க்கும் 1969க்கும் நடுவில் ஐம்பது வருடம். சந்தாவே கட்டாத முதியவருக்கும் ஓய்வூதியம் என்பது, அந்தச் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த 1974 புரட்சிக்குப் பிறகு.

இந்த ஐம்பது வருடம் ஏன் ஆனது என்று கேட்டால்தான் அரசியல் நிறுவனங்களைப் பற்றிப் படிக்க ஒரு காரணம் பிறக்கும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1498இல், காமா கோழிக்கோட்டில் இறங்கிய அதே வருடம், தலைநகர் லிஸ்பனில் ராணி லியோனோர் ஆதரவில் மிசெரிகோர்தியா என்ற தர்ம சபை தொடங்கியது. நோயாளி, கைதி, அநாதைக் குழந்தை, அடக்கம் செய்ய ஆளில்லாத பிணம் எல்லாம் அதன் பொறுப்பு. ஊர் ஊராகப் பரவியது, கோவாவுக்கும் கொச்சிக்கும்கூட வந்தது. உறுப்பினர்களில் மேல்குடியினர் ஒரு பிரிவு, கைவினைஞர் இன்னொரு பிரிவு. ஊர்ப் பெரியவர்கள்தான் நிர்வாகம். இதை ஏதோ பழைய கதை என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள், அவர்கள் நடத்திய மருத்துவமனைகளை அரசு எடுத்துக்கொண்டது 1974-75இல்தான்! நலன் என்பது உரிமையா, ஊர்ப் பெரியவர் மனசு வைத்தால் கிடைப்பதா என்ற சண்டை அந்த நாட்டில் நானூறு வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது.

அடுத்து 1933ஐக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அவசரப்பட்டால் புரியாது. அந்த வருடம் புதிய அரசியலமைப்பு, செப்டம்பரில் தொழிலாளர் சாசனம், அதே நாளில் கிராமங்களுக்கு 'காசா தோ போவோ' என்ற மக்கள் மன்றங்கள். இத்தாலியில் முசோலினி 1927இல் கொண்டுவந்த சாசனத்தின் சாயல் இதில் உண்டு. வேலைநிறுத்தம் குற்றம், சுதந்திரத் தொழிற்சங்கம் கிடையாது, அரசு அனுமதித்த சங்கம் மட்டும். கிராமத்து மன்றத்திலோ தோட்டத்துக்காரரும் அவரிடம் கூலி வாங்குகிறவரும் ஒரே அமைப்பில் உறுப்பினர். கொங்குநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கூலி கூட்டிக் கேட்க வேண்டிய இடத்தில் பண்ணையக்காரரே தலைமேசையில் உட்கார்ந்திருந்தால் யார் வாய் திறப்பார்? வாய் திறந்தவர்களும் இருந்தார்கள். 1934 ஜனவரி 18 அன்று மரீன்யா கிராண்டே என்ற கண்ணாடித் தொழில் ஊரில் தொழிலாளிகள் சில மணி நேரம் ஊரையே கையில் எடுத்துக்கொண்டார்கள். பிடிபட்டவர்களில் சிலர் பிறகு கேப் வெர்டே தீவில் தர்ரஃபால் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆலைத் தொழிலாளிகளான சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தை வேறு மாதிரிப் படிப்பார்கள், படிக்கவும் வேண்டும்.

பாவு மட்டும் ஓட்டினால் துணி ஆகாது, ஊடையும் வேண்டும். சட்டத்தை மட்டும் படித்தால் போதாது, அதைப் போட்ட ஆட்களையும் படிக்க வேண்டும். இதற்கு ஆராய்ச்சியாளர்கள் செய்வது ஒரு எளிய அட்டவணைதான். ஒவ்வொரு மந்திரிக்கும் பிறந்த ஊர், அப்பாவின் தொழில், படித்த கல்லூரி, மந்திரியாகும் முன் பார்த்த வேலை, யார் மூலமாக உள்ளே வந்தார், இறங்கிய பிறகு எங்கே போனார். முதலில் நம் ஊர் ஆட்களை வைத்துக் கை பழகுங்கள். குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1926இல் சென்னை மாகாண முதலமைச்சரான சுப்பராயன், கோவையிலிருந்து போய் 1947இல் நாட்டின் முதல் நிதியமைச்சரான சண்முகம் செட்டியார், பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் வந்த வழக்கறிஞர் சி. சுப்பிரமணியம். மூன்று பேரை எழுதியதுமே ஜமீனிலிருந்து வியாபாரக் குடும்பத்துக்கும் அங்கிருந்து விவசாயக் குடும்பத்துக்கும் அதிகாரம் எப்படி நகர்ந்தது என்று தெரியத் தொடங்கும்.

அப்புறம் அதே அட்டவணையை லிஸ்பனுக்குக் கொண்டுபோங்கள். சலாசார் 1889இல் கிராமத்துச் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர், கொய்ம்ப்ரா பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில் நிதி கற்பித்த பேராசிரியர், 1928இல் நிதியமைச்சர், 1932 முதல் 1968 வரை பிரதமர். அவருக்குப் பின் வந்த மார்செலோ கயெத்தானோவும் சட்டப் பேராசிரியர். சுற்றிலும் பேராசிரியர்கள் நிறைய. ஜனாதிபதி பதவி மட்டும் படை அதிகாரிகளுக்கு: கார்மோனா, கிராவெய்ரோ லோப்பஸ், தோமாஸ். ஓட்டுக் கேட்டு வராத ஆட்கள் பட்ஜெட்டை எப்படிப் பார்ப்பார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். சலாசார் பற்றாக்குறையை ஒழித்தார் என்று பாராட்டுகிற கட்டுரைகள் உங்கள் கண்ணில் படும். படித்துவிட்டு, மிச்சம் பிடித்த காசு யார் வயிற்றிலிருந்து வந்தது என்று அந்த இரண்டு பத்தி நோட்டைத் திறந்து பாருங்கள். ஆப்பிரிக்கக் காலனிகளில் பெரும்பாலான மக்களைக் குடிமக்களாகவே கணக்கில் சேர்க்காத சட்டநிலை 1961 வரை இருந்தது, அந்த மக்களுக்கு இந்த நலத்திட்டப் பேச்சில் இடமே இல்லை.

அட்டவணையில் ஒரு குடும்பத்தை மட்டும் தனியாக வட்டமிடுங்கள். 1970 முதல் 1973 வரை கயெத்தானோவிடம் தொழிலாளர் நலத்துக்கும் சுகாதாரத்துக்கும் சேர்த்து மந்திரியாக இருந்தவர் பல்தசார் ரெபெலோ டி சோசா. சர்வாதிகாரம் விழுந்ததும் அவருடைய மகன் மார்செலோ அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராகி 1976 அரசியலமைப்பை எழுதியவர்களில் ஒருவரானார். அவரும் சட்டப் பேராசிரியர்தான். 2016இல் அந்நாட்டின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புரட்சி வந்தால் மேல்தட்டு முழுக்க மாறிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு வரியைக் காட்டலாம்.

ஓட்டுரிமைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 1911 தேர்தல் சட்டம், 21 வயது கடந்த, எழுதப்படிக்கத் தெரிந்த அல்லது குடும்பத் தலைவராக உள்ள குடிமக்கள் வாக்களிக்கலாம் என்றது. ஆண் என்று குறிப்பிடவில்லை. கரோலினா பெயாத்ரிஸ் ஆஞ்செலோ என்ற மருத்துவர், கணவரை இழந்தவர், மகளை வளர்க்கிற நானே குடும்பத் தலைவர் என்று நீதிமன்றம் போய் ஜெயித்து, மே 28 அன்று வாக்களித்தார். 1913இல் சட்டத்தைத் திருத்தி 'ஆண்' என்று சேர்த்துவிட்டார்கள். எல்லாப் பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வாக்களித்தது 1975இல்.

1974க்குப் பிறகு நடந்தவை வேகமாக ஓடும். புரட்சி நடந்த அதே வருடம் மே மாதம் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 3,300 எஸ்குடோ (அந்நாட்டின் அப்போதைய நாணயம்). 1976 அரசியலமைப்பின் 63ஆம் பிரிவில் சமூகப் பாதுகாப்பு, 64இல் சுகாதாரம். 1979இல் தேசிய சுகாதாரச் சேவை, அதற்காகப் பாடுபட்டவர் அந்தோனியோ அர்னோ. 1996இல், இன்று ஐ.நா. பொதுச்செயலாளர் என்று நமக்குத் தெரிந்த குட்டெரஸ் பிரதமராக இருந்தபோது, குறைந்தபட்ச வருமான உத்தரவாதம். 2011இல் 7,800 கோடி யூரோ கடனோடு சிக்கன நிபந்தனைகள். 2012இல், அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் வருடம் தரும் 13ஆம், 14ஆம் மாதப் படிகளை வெட்டியது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தை தெரிந்த திருப்பூர்க்காரர்கள் அந்தத் தீர்ப்பை விரும்பிப் படிப்பார்கள். பலன் என்ன என்பதற்கு ஒரு எண் போதும்: 1960இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 77க்கு மேல், இப்போது சுமார் 3.

எங்கே படிப்பது? ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் 'இ-ஜர்னல் ஆஃப் போர்ச்சுகீஸ் ஹிஸ்டரி'யில் தொடங்குங்கள், இலவசம். 1963இல் லிஸ்பனில் தொடங்கிய 'அனாலிசே சோசியால்' இதழும் இணையத்தில் இருக்கிறது. புள்ளிவிவரத்துக்குப் 'போர்தாதா' என்ற இணையதளம். நாடாளுமன்ற இணையதளத்தில் பழைய விவாதங்களைத் தேடலாம். போர்ச்சுகீஸ் மொழிச் சட்டவாசகத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படிக்கலாம், ஆனால் யாருக்குப் பொருந்தாது என்று சொல்கிற வரியை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள்.

முதல் ஆள் முடிந்ததும் இரண்டாவது ஆளாக வீட்டுவேலை செய்யும் பெண்ணை எடுங்கள். 1974 குறைந்தபட்ச ஊதிய ஆணை அவரையும் விவசாயத் தொழிலாளியையும் விட்டுவிட்டது, பிறகுதான் சேர்த்தார்கள். மூன்றாவதாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948, கோவைக்கு அது வந்தது 1955, பி.எஃப். சட்டம் 1952. இடது பத்தியை நிரப்பிவிடலாம். வலது பத்திக்கு அவரிடமே போய்க் கேளுங்கள்.